முன்னோக்கிய பின்சீட்டு

எங்கள் ஜீப்பில் முன்னால் இரண்டு சீட்டு. ஒன்றில் உட்கார்ந்து என் கணவர் ஓட்டுவார். இன்னொன்று என் மாமியாருக்கு. அப்படி யாரும் யாரிடமும் சொன்னதில்லை. ஏலத்தில் எடுத்த ஜீப்புக்குப் பெயின்ட் அடித்து வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்த அன்று, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியதும், "ஏறும்மா" என்று அவர் தன் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அத்தை முன்னால் ஏறினார். நானும் மகளும் பின்னால் ஏறினோம். அன்று முடிவானதுதான். அதற்குப் பிறகு மகள் பள்ளிக்கூடம் முடித்தாள், நர்சிங் படித்தாள், வேலைக்கும் போனாள். ஜீப்புக்கு இரண்டு முறை பெயின்ட் மாறியது. உட்காருகிற இடம் மட்டும் மாறவில்லை.

பின்னால் இருந்ததைச் சீட்டு என்று சொல்லக்கூடாது. பெஞ்சு. வண்டியின் நீளவாக்கில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. எதிரே உட்கார்ந்தவர் முழங்கால் நம் முழங்காலில் இடிக்கும். வண்டி முன்னால் போகும், நாம் பக்கவாட்டில் போவோம். பிரேக் போட்டால் முன்சீட்டுப் பக்கம் சரியவேண்டும், கிளப்பினால் பின்கதவுப் பக்கம் சரியவேண்டும். கதவுக்கு மேலே திறந்த இடத்தில்தான் ரோடு தெரியும். கடை, ஆள், மாடு, மைல் கல் எல்லாமே கடந்துபோன பிறகுதான் கண்ணில் படும்.

கிரிவலமாக மலையைச் சுற்றிப் போகும்போது மட்டும் அந்த பெஞ்சுக்கு ஒரு கிராக்கி வரும். எங்கள் ஊரில் நடந்து போனாலும் வண்டியில் போனாலும் மலை வலக்கைப் பக்கம்தான் இருக்கவேண்டும். அப்படிப் போனால் இடப்பக்க பெஞ்சில் இருப்பவருக்கு மலை முழுசாக நேரெதிரே தெரியும். வலப்பக்க பெஞ்சில் இருப்பவர் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டே வரவேண்டும். அதற்கு எங்கள் உறவில் ஒருவரும் தயாரில்லை. நான்கு பேர், ஐந்து பேர் என்று இடப்பக்கமே நெருக்கியடித்து உட்காருவார்கள். வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்துகொண்டு போகும். வலப்பக்க பெஞ்சில் தண்ணீர் கேனும் செருப்புப் பையும் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு வரும்.

எனக்கு அந்த ஜீப்பில் வாந்தி வரும். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. பஸ்ஸில் வராது. வேங்கிக்காலில் இருக்கிற என் ஆபீசுக்குத் தினமும் பஸ்ஸில்தான் போய்வருகிறேன், சென்னைக்கும் பஸ்ஸில் போயிருக்கிறேன், ஒரு ஏப்பம்கூட வந்ததில்லை. ஜீப்பின் பெஞ்சில் உட்கார்ந்தால் போளூர் தாண்டுவதற்குள் வாயில் உப்புநீர் ஊறும். எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்த்தேன். இஞ்சியைக் கடித்தேன். வயிற்றில் செய்தித்தாளைச் செருகிக்கொண்டால் வராது என்று பக்கத்து வீட்டம்மா சொன்னார்கள், அதையும் செய்தேன். வாந்தி எடுக்கும்போது படிக்க ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

முன்சீட்டைக் கேட்டிருக்கலாமே என்று படிக்கிற நீங்கள் இந்நேரம் நினைத்திருப்பீர்கள். நீங்கள் எங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர் இல்லை. அத்தை கெட்டவர் என்றால் கேட்பது சுலபம். சண்டை போட்டு வாங்கியிருக்கலாம். அவர் அப்படியில்லை. எனக்கு ஜுரம் வந்தால் ராத்திரி எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவர். அவருக்கு முட்டிவலி, பின்கதவு உயரம், ஏறமுடியாது என்று ஒரு நியாயம் இருந்தது. அதைவிட, முன்சீட்டில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் உட்கார்ந்து போகும்போது தேரடித் தெருவில் பூ விற்பவர்களிலிருந்து மளிகைக்கடைக்காரர் வரை பார்த்துச் சிரிப்பார்கள். அவரும் தலையை ஆட்டுவார். அதைப் பார்த்த பிறகு எந்த வாயால் கேட்பது? கணவருக்கும் எல்லாம் தெரியும். அவர் அம்மாவிடம் சொல்லமாட்டார், என்னிடமும் அதைப் பற்றிப் பேசமாட்டார். மூன்று பேரும் நல்லவர்களாக இருந்தால் ஒரு வீட்டில் எதுவுமே நடக்காது.

அந்த ஜீப்பில் நான் போகாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் இருந்தேன். மகளுக்கு ஜவ்வாது மலையில் வேலை கிடைத்ததும் நிலைமை மாறியது. ஜமுனாமரத்தூர் தாண்டி உள்ளே போகவேண்டும். சின்ன ஆஸ்பத்திரி, அதற்குப் பின்னால் அவளுக்கு ஒரு ஓட்டு வீடு. முதல்முறை சாமான் ஏற்றிக்கொண்டு போனபோது நானும் ஜீப்பில் ஏறினேன். மலை ஏறத் தொடங்கி இரண்டாவது வளைவிலேயே முடிந்தது. எடுத்த வாந்தியில் கண் இருட்டி, கைகால் சில்லிட்டு, ரோட்டோரத்தில் படுத்துவிட்டேன். கீழே வந்துகொண்டிருந்த ஒரு காரில் என்னைப் போளூருக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கிருந்து பஸ் பிடித்துத் தனியாக வீட்டுக்கு வந்தேன். என் மகள் வாழ்க்கையில் முதன்முதலாகத் தனியாகப் பால் காய்ச்சிய வீட்டில் அவளுடைய அப்பாவும் பாட்டியும் இருந்தார்கள். நான் இல்லை.

அதற்கப்புறம் அவர்கள் இரண்டு பேரும் மாதம் ஒரு ஞாயிறு போய்வருவார்கள். சாமை, பலாப்பழம், தேன் பாட்டில் என்று எதையாவது கொண்டுவருவார்கள். அத்தை வீட்டை விவரிப்பார். சமையல்கட்டில் ஜன்னல் கிழக்கே பார்த்தது. பின்பக்கம் ஒரு பலாமரம். ராத்திரியில் போர்வை இல்லாமல் படுக்கமுடியாது. நான் கேட்டுக்கொள்வேன். மகள் போனில், "நீ எப்பம்மா வர்ற?" என்பாள். சிக்னல் விட்டு விட்டு வரும் ஊர் என்பதால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிப்பது கஷ்டமாக இல்லை.

ஜமுனாமரத்தூர் வரைக்கும் பஸ்ஸில் வருகிறேன், அதற்கு மேலே ஜீப்பில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று ஒருநாள் கணவரிடம் சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"வீட்ல ஜீப்பு வெச்சிக்கினு நீ பஸ்ல போவ, நான் பின்னாடி ஜீப்பு ஓட்டிக்கினு வருவனா? பாக்கறவன் இன்னா நெனப்பான்?"

"பாக்கறவனுக்கு வாந்தி வரல. எனக்குத்தான வருது?"

"அதுக்கு வழி பண்றேன். கொஞ்சம் பொறு."

அவர் கீழ்பென்னாத்தூரில் மோட்டார், பைப் கடை வைத்திருக்கிறார். தண்ணீர் மேலே ஏறவில்லை என்று யாராவது வந்தால், தண்ணீரோடு பேசிப் பயனில்லை, பைப்பை மாற்றவேண்டும் என்று நம்புகிற தொழில். வீட்டு விஷயத்திலும் அதே முறைதான். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்வதைவிட வண்டியை அறுத்து வேறு மாதிரி ஒட்டுவது அவருக்குச் சுலபம்.

நண்பர் ஒருவருடைய பட்டறை திண்டிவனம் ரோட்டில் இருக்கிறது. தகடு வேலை, வெல்டிங். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவருடைய அப்பா காலத்திலிருந்தே ஊரில் ஓடிய பாதி வண்டிகள் அந்தப் பட்டறையில் ஒருமுறையாவது படுத்து எழுந்தவை. இரண்டு பேரும் ஜீப்பின் பின்பக்கத்தில் குனிந்து நின்றுகொண்டு பேசியதை, சாவி கொடுக்கப் போன நான் கேட்டேன்.

"பெஞ்ச கழட்டிட்டு முன்ன பாத்தாப்ல ரெண்டு சீட்டு போட்டுடலாம் பாய். அவளுக்குப் பக்கவாட்டுல உக்காந்தாத்தான் ஒத்துக்கல. பஸ்ல ஒண்ணும் ஆவறதில்ல."

"போடலாம் சார். நடுவுல ஆள் பூந்து போறாப்ல சந்து வுடணும். சக்கரத்துக்கு மேல தகடு பொடச்சிக்கினு நிக்குது, அது வேற. எடம் கம்மி. வாங்கக்கா, உங்களுக்குத்தான் இந்த வேலையெல்லாம்."

"ஒத்த சீட்டு போட்டா போதாதா பாய்?" என்றேன்.

"ஒத்த சீட்டு போட்டா ஆஸ்பத்திரி வண்டி மாதிரி இருக்கும்" என்றார் கணவர்.

பெஞ்சைக் கழற்றினால் அவருக்குக் கடைவேலை கெடும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அந்த பெஞ்சுகள் மடங்கும். மடக்கிவிட்டால் பைப்புக் கட்டுகளை நீளவாக்கில் அடுக்கலாம். நிலையான சீட்டு போட்டால் பைப் ஏறாது, வாடகை வண்டிதான் கூப்பிடவேண்டும். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மனுஷனிடம் எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் இப்படி ஏதாவது ஒன்று குறுக்கே வந்து நின்று தொலைக்கும்.

வேலை இழுத்தது. இடையில் தீபத் திருவிழா வந்தது, ஊரே கூட்டத்தில் நெரிந்தது. பட்டறைக்குப் போகும் வழியையே போலீஸ் அடைத்துவிட்டார்கள். கூட்டம் வடிந்த பிறகு, நொறுங்கிய கார் ஒன்றிலிருந்து இரண்டு சீட்டுகள் வந்தன. சாம்பல் நிறம், கைவைக்கக் கட்டை உள்ளவை. வெறும் தரைத் தகட்டில் போல்ட் போட்டால் பிரேக்கில் பிய்த்துக்கொண்டு வரும் என்று அடியில் சேசிஸுக்குக் குறுக்கே இரும்பு ஆங்கிள் வைத்து வெல்டு அடித்தார்கள். பெல்ட் மாட்டுவதற்கும் அதிலேயே கொக்கி. சட்டப்படி பதிவு செய்யவேண்டியதையும் கணவர் செய்தார். அந்தக் கதை சலிப்பானது, விட்டுவிடுகிறேன்.

ஒரு சிக்கல் வந்தது. முன்சீட்டின் முதுகுக்கும் புதுச் சீட்டுக்கும் நடுவே கால் வைக்க இடம் போதவில்லை. முழங்கால் இடித்தது. பாய்தான் வழி சொன்னார்.

"ஹைட்ட ஜாஸ்தி பண்ணிடலாம் சார். நாற்காலி கணக்கா காலு கீழ தொங்கிட்டா முட்டி இடிக்காது."

ஒரு சாண் உயர்த்தினார்கள். உயர்த்தியதும் பின்கதவு வழியாக ஏறுவது கஷ்டமாகிவிட்டது. அதனால் பின்னால் மடித்து இறக்குகிற மாதிரி ஒரு இரும்புப் படி. படி வைத்ததும் பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டுமே என்று கூரைக் கம்பியில் ஒரு கைப்பிடி. ஒவ்வொரு மாற்றத்தையும் கணவர் எனக்குப் போனில் சொல்வார். எனக்குப் படியும் தேவையில்லை, கைப்பிடியும் தேவையில்லை. ஆபீசில் மாடிப்படி ஏறி இறங்குகிறவள். ஆனாலும் ஒரு ஆண்பிள்ளை நமக்காக இரும்பை வளைத்துக்கொண்டிருக்கும்போது வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் பெருமையாகவே இருந்தது.

முடிந்த அன்று அவரும் பாயும் ஆளுக்கொரு சீட்டில் உட்கார்ந்து பட்டறைக்குள்ளேயே டீ குடித்துப் பார்த்தார்கள். அருமையாக இருந்ததாம். இருக்கும். வண்டி நின்றுகொண்டிருந்தது. முன்சீட்டில் யாரும் இல்லை. வெல்டிங்குக்காக ரெக்ஸின் கூரையைக் கழற்றி வைத்திருந்தார்கள். திறந்த வண்டியில் உயர்ந்த சீட்டில் உட்கார்ந்தால் திண்டிவனம் ரோடு முழுக்கத் தெரிந்திருக்கும். அதன் பிறகுதான் கூரையைப் போட்டுக் கட்டினார்கள். கட்டிய பிறகு ஒருவரும் ஏறி உட்கார்ந்து பார்க்கவில்லை.

முதல் ஓட்டம் மலையைச் சுற்றி. அத்தை வழக்கம்போல முன்னால். நான் பின்னால் வலப்பக்கச் சீட்டில். செங்கம் ரோட்டில் ஆசிரமம் பக்கம் காப்பிக்கடை வாசல்களில் வெள்ளைக்காரர்கள் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்கள், அவர்களைத் தாண்டி மெதுவாகப் போனோம். ரோடு சமம். வண்டியும் நிதானம். ஓரத் தார்ப்பாயைச் சுருட்டிவிட்டிருந்ததால் நான் மலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

"எப்பிடி இருக்குது?" என்று முன்னாலிருந்து கணவர் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்குது."

"யாரும் இனிமே மலைக்கு முதுக காட்ட வாணாம்" என்றார் அத்தை. அவருக்கும் சந்தோஷம்தான். அன்றே மகளுக்குப் போன் போட்டு, அடுத்த ஞாயிறு அம்மாவும் வருகிறாள் என்று சொல்லிவிட்டார்கள். மகள் கத்திய கத்தலில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். என்ன சமைக்கட்டும், என்ன சமைக்கட்டும் என்று அந்த வாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சமைத்து நான் சாப்பிட்டதேயில்லை.

ஞாயிறு விடிந்ததும் கிளம்பினோம். போளூர் வரைக்கும் தெம்பாக இருந்தேன். மலையடிவாரம் வந்து ரோடு வளைய ஆரம்பித்ததும் எனக்குச் சந்தேகம் தட்டியது. முன்னோக்கித்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் முன்னால் என்ன தெரிந்தது? கணவருடைய தோள். அத்தையின் கொண்டை. அவற்றுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்தின் கம்பியும் கூரையின் ரெக்ஸின் மடிப்பும். சீட்டை ஒரு சாண் தூக்கியதில் என் கண்ணும் ஒரு சாண் மேலே போய்விட்டது. ரோடு கீழே எங்கேயோ இருந்தது. பார்க்கவேண்டும் என்றால் கழுத்தை மடக்கிக் குனியவேண்டும். குனிந்தால் வயிறு புரட்டியது. பஸ்ஸில் எனக்கு ஏன் வாந்தி வருவதில்லை என்பது அந்த நிமிஷம்தான் புரிந்தது. முன்னால் பார்த்து உட்காருவதால் அல்ல. முன்னால் வருவது தெரிவதால்.

இரண்டாவது வளைவைத் தாண்டிவிட்டேன். மூன்றாவதில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். அந்த அழகான இரும்புப் படியில் இறங்கி, தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு, குடித்த காப்பி வரைக்கும் எடுத்தேன்.

வாய் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தேன். கணவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று டயரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். டயரில் ஒன்றும் இல்லை. அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அத்தனை நாள் பட்டறையில் நின்று, பைப் ஏற்றுகிற இடத்தையும் இழந்து செய்த வேலை மூன்றாவது வளைவில் வெளியே வந்துவிட்டது.

"திரும்பிடலாமா?" என்று கேட்டார்.

போனை எடுத்தேன். சிக்னல் இல்லை. இந்நேரம் மகள் அடுப்பைப் பற்றவைத்திருப்பாள். நாங்கள் வராமல் போனால் மத்தியானம் வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்புறம் புரிந்துகொள்வாள். அவளுக்குப் புரிந்துவிடும் என்பதுதான் என்னால் தாங்கமுடியாமல் போனது. அம்மா என்றால் பாதி வழியில் திரும்புகிறவள் என்று அவள் பழகிக்கொள்வாள்.

ஜீப்பைப் பார்த்தேன். முன்சீட்டில் அத்தை நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் அகலமான கண்ணாடி. கண்ணாடிக்கு வெளியே மொத்த ரோடும் சும்மா கிடந்தது. எனக்கு வந்த கோபம் அவர் மேல்தானா என்று தெரியாது. அந்த ஜீப் மேல், அந்தப் படி மேல், எங்கள் வீட்டில் யாரும் எதையும் கேட்காமல் காலத்தை ஓட்டுகிற அந்த நல்ல பழக்கத்தின் மேல் எல்லாம் சேர்ந்து வந்தது. முன்கதவுப் பக்கம் போய் நின்றேன்.

"அத்தை, கொஞ்சம் எறங்குறீங்களா? நான் முன்னாடி உக்காறேன்."

கணவர் டயருக்குப் பக்கத்தில் இன்னும் குனிந்துகொண்டார். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமா வருத்தமா என்று சொல்லமுடியாத ஒரு பார்வை.

"பின்னாடி என்னால ஏற முடியாதே."

"படி இருக்குது. கைப்பிடி இருக்குது. நான் புடிச்சிக்கறேன்."

அவர் அசையவில்லை. நானும் நகரவில்லை. ஒரு பஸ் மேலேறி வந்து, எங்களைத் தாண்டி, ஹாரன் அடித்துக்கொண்டே வளைவில் திரும்பிப் போனது.

"இத்தினி வருசமா ஏன் நீ கேக்கல?" என்றார்.

"நீங்க ஏன் குடுக்கல?"

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது எனக்கே தெரிந்தது. வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து அவரிடம் நான் அப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. கணவர் நிமிர்ந்துவிட்டார். அத்தை வெளியே பள்ளத்தைப் பார்த்தார், பிறகு தன் மடியைப் பார்த்தார்.

"அவன் ஏறும்மான்னான். ஏறினேன். நான் கேட்டனா? நாலு பேரு பாத்துக் கும்புடறாங்க, நல்லாத்தான் இருந்துது, இல்லன்னு சொல்லல. காலாண்ட இஞ்சின் அனல் அடிக்கும். கணுக்கால பாரு, எப்பிடிக் கறுத்துப் போயிருக்குது. புள்ள ஆசையா உக்கார வெச்சான், சொன்னா மனசு கஷ்டப்படுவான்னு உக்காந்துனு இருந்தேன்." பிறகு மகனைப் பார்த்து, "அங்க இன்னாடா டயர்ல புதையலா கீது? வந்து கையைப் புடி" என்று அதட்டினார்.

நான் ஒரு கையையும் கணவர் ஒரு கையையும் பிடித்துக்கொண்டோம். அத்தை பின்பக்கம் போய், படியில் ஒரு கால் வைத்து, கைப்பிடியைப் பற்றி, மூச்சை இழுத்து ஏறினார். சந்து வழியாகப் போய் இடப்பக்கச் சீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் முகத்தில் ஒரு ஆச்சரியம் வந்தது. வீட்டு நாற்காலிகளில் உட்காரும்போது வருகிற 'அம்மாடி' என்ற முனகல் வரவில்லை. சீட்டு உயரம் என்பதால் முட்டியை அதிகம் மடக்க வேண்டியிருக்கவில்லை. கைகளைக் கட்டையில் வைத்து அழுத்திப் பார்த்தார். முன்னால் ரோடு தெரியாதது பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை. ஓரத்தில் சுருட்டியிருந்த தார்ப்பாய்க்கு வெளியே காட்டைப் பார்த்தார்.

"நல்லா எழுந்துக்கற ஒசரமா இருக்குது" என்றார்.

எனக்காக என்று அளவெடுத்துச் செய்ததெல்லாம் அவருக்குப் பொருந்தியது. உயரம், படி, கைப்பிடி, கைவைக்கிற கட்டை எல்லாம். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

முன்சீட்டில் ஏறினேன். இஞ்சின் அனல் உண்மைதான், கணுக்காலில் சுட்டது. செருப்பை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டேன். வண்டி கிளம்பியது. நான்காவது வளைவு தூரத்திலேயே தெரிந்தது. வருகிறது, வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், வந்தது, உடம்பு தானாக அதோடு சாய்ந்து நிமிர்ந்தது. வயிறு பேசாமல் இருந்தது. அவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் ஒரு வண்டியையே அறுத்து ஒட்டினோம்.

ஐந்தாவது வளைவுக்கு அப்பால் ஒரு மாடு குறுக்கே வந்தது. கணவர் பிரேக் போட்டார். போட்ட அதே நொடியில் அவருடைய இடக்கை ஸ்டீயரிங்கை விட்டு என் மார்புக்குக் குறுக்கே தடுப்பாக நீண்டது. எனக்குத் திக்கென்றது. அவருக்கும்தான். அது அம்மாவுக்கு நீட்டுகிற கை. அத்தனை வருஷமாக ஒவ்வொரு பிரேக்குக்கும் அந்தக் கை அப்படி நீண்டிருக்கிறது, பின்னால் பெஞ்சில் சரிந்துகொண்டிருந்த எனக்கு அது தெரியவேயில்லை. யார் உட்கார்ந்திருப்பது என்று அவர் திரும்பிப் பார்த்தார். மாடு போன பிறகும் கையை உடனே எடுக்கவில்லை. பின்னால் அத்தை மாட்டைத் திட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் கியர் மாற்றவேண்டியிருந்ததால் கையை எடுத்துக்கொண்டார்.

ஜமுனாமரத்தூரில் பூ வாங்கினோம். அதற்கு மேலே மண் ரோடு. மழை அரித்த பள்ளங்களில் ஜீப் ஏறி இறங்கியது. சாமை அறுத்த வயல்கள் வந்தன. ஒரு திருப்பத்தில், "த பாரு, அந்த ஓட்டு வீடு" என்று கணவர் கையைக் காட்டினார். அத்தை சொன்ன பலாமரம் பின்னால் நின்றது. அத்தை சொல்லாத ஒன்றும் இருந்தது. வாசலில் கயிறு கட்டி என்னுடைய பழைய புடவை ஒன்றைத் திரைச்சீலையாகப் போட்டிருந்தாள்.

வண்டிச் சத்தம் கேட்டு மகள் ஓடிவந்தாள். ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பு, இன்னொரு கையில் நறுக்கிய எலுமிச்சம்பழம். வாந்தி எடுத்துக்கொண்டு வருகிற அம்மாவுக்கு முதலில் என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து எதிர் பெஞ்சில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொடுத்தவள் அவள்தானே. முன்பக்கம் பார்க்கவேயில்லை. நேராகப் பின்கதவுக்கு ஓடினாள்.

பக்கக் கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். சொம்பை நீட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒரு சீட்டில் பாட்டி, இன்னொரு சீட்டு காலி.

"எனக்கு எதுக்குடி தண்ணி?" என்றார் அத்தை.

மகள் காலிச் சீட்டையே பார்த்தாள். நீட்டிய கை மெல்லக் கீழே இறங்கியது. சொம்புத் தண்ணீர் கொஞ்சம் அவள் காலில் சிந்தியது. நான் வராத ஒவ்வொரு ஞாயிறும் இந்த வாசலில் அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

"அம்மா வரலியா?" என்று கேட்டாள்.

கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் கணவர் ஹாரனை ஒருமுறை அழுத்தினார். அவள் திடுக்கிட்டு முன்னால் பார்த்தாள். கண்ணாடிக்குள் எங்கள் இரண்டு பேர் கண்களும் சந்தித்தன. சொம்பும் கையுமாக வண்டியைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள். நான் கதவைத் திறந்து இறங்கினேன்.

வாய் கொப்பளிக்கத் தண்ணீர் தேவைப்படவில்லை. இருந்தாலும் வாங்கி முகத்தைக் கழுவிக்கொண்டேன். அழுதிருந்தேன்.